சாட்சி சொல்லாத மதினிக்கு

என் வாயாடி மதினி பாக்கியத்துக்கு,

நீங்கள் கர்த்தரிடம் போய் ஒன்பது மாதம் ஆகிறது. உங்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. தெமோதரையிலிருந்து உங்கள் அம்மா வீட்டுக் கடிதம் வந்தால் நான்தான் வாசித்துக் காட்டுவேன். பாதியில் நிறுத்தி, "இதுக்கு மேல என்னா இருக்குன்னு நீங்களே சொல்லுங்க பாப்போம்" என்று சீண்டுவேன். நீங்கள் என் தலையில் ஒரு குட்டு வைப்பீர்கள். இப்போது இந்தக் கடிதத்தை உங்களுக்கு யார் வாசித்துக் காட்டுவார்கள்? அப்பாவும் அங்கேதான் இருக்கிறார். அவரிடம் கொடுத்தால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் வாசிப்பார். அதை நினைத்தால்தான் பேனாவைக் கீழே வைத்துவிடத் தோன்றுகிறது.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் நிர்மலாவுக்குப் பெண் பிள்ளை பிறந்து ஐம்பது நாளாகிறது. பதுளை ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். பிள்ளைக்கு உங்கள் மூக்கு, உங்கள் கோபம். நேற்று நிர்மலா அவளைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு வந்தாள். தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுப்போகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் இன்னும் அங்கேதான் காலம் தள்ளுகிறேன். உங்கள் பேத்தி போட்ட ஒரு கூச்சலில் தூங்கிக்கொண்டிருந்த பதினொரு பிள்ளைகளும் எழுந்துவிட்டார்கள்.

அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டே நிர்மலா ஒரு பேச்சு எடுத்தாள்.

"அத்தை, வர்ற ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம். நீங்கதான் ஞானத்தாயா நிக்கணும்."

"நிக்கிறேன்மா. அதுக்கென்னா."

"புள்ளைக்கு ஒங்க பேரையே வைக்கலாம்னு இருக்கோம். எஸ்தர்னு. அப்பாவும் சரின்னுட்டாரு."

"ஏன்டி, ஒங்க அம்மா பேரு இருக்கே?" என்று கேட்டேன்.

"வேணாம் அத்தை. அம்மா மேல எனக்குப் பாசம் இல்லாம இல்ல. ஆனாலும் சொகமில்லாத பாட்டிய அடிச்சவங்கதானே. அந்தப் பேரக் கூப்புடுறப்பல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். எம் புள்ளைக்கு ஒங்க மனசு வரணும்."

பொய் சொல்ல மாட்டேன், மதினி. முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. கல்யாணமே கூடாமல் போன எனக்கு, உங்கள் வயிற்றில் பிறந்தவள் தன் பிள்ளைக்கு என் பெயரை வைக்கிறாள். உங்கள் பெயரைத் தள்ளிவிட்டு வைக்கிறாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று உள்ளே ஒன்று கைதட்டியது. ஆனால் மத்தியானம் சோற்றுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்தேன்.

உங்கள்மேல் எனக்குப் பொறாமை. இது உங்களுக்குப் புதிய சேதியா என்ன? நீங்கள் மணப்பெண்ணாக இந்த லயத்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்குப் பொறாமை. ஆனால் நீங்கள் நினைத்த காரணத்துக்காக இல்லை. சேலைக்காக, அண்ணனுக்காக, பிள்ளைக்காக என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அதெல்லாம் கொஞ்ச நாளில் ஆறிப்போனது. ஆறாதது ஒன்று உண்டு. நீங்கள் மனந்திரும்பினீர்கள். எனக்கு அது வரவேயில்லை.

நம் அப்பா மற்ற நாட்களில் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு ஜெபவீட்டில் உபதேசியார். போதகர் ஐயா மாதம் ஒருமுறைதான் பதுளையிலிருந்து மடுல்சீமை மலை ஏறி வருவார். மற்ற வாரமெல்லாம் அப்பாவின் பிரசங்கம். அவருக்குத் தெரிந்தது ஒரே பிரசங்கம், நியாயத்தீர்ப்பு. காலையில் ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரித்து அனுப்புகிற பெரட்டை வைத்துத்தான் அதைச் சொல்லுவார். "விடியக்காலையில சங்கு ஊதுனா பெரட்டுக் களத்துக்கு ஓடுறோம். பிந்துனா கங்காணி வெரட்டி வுட்டுருவாரு. ஆனா நாளைக்குப் போயிக்கலாம். ஒரு நாளைக்கு எக்காளம் ஊதும் பாருங்க, அதுதான் பெரிய பெரட்டு. அன்னைக்குப் பிந்துனவனுக்கு மறுநாள் கெடையாது."

பிறந்ததிலிருந்து முன்பாயில் உட்கார்ந்து இதைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஒரு நாளும் எதற்கும் பிந்தியதில்லை. நீங்கள் கல்யாணம் முடித்து வந்து, ஞானஸ்நானம் வாங்கி, இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. பிரசங்கத்தின் நடுவில் கையைத் தூக்கினீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல.

"மாமா, எனக்கொரு சந்தேகங்க."

"என்னாம்மா?"

"போன கெழம நான் பெரட்டுக்குப் பிந்திதான் போனேன். கங்காணி வெரட்டுனாரு. நான் நேராத் தொரைகிட்ட போயி, புள்ளைக்குக் காய்ச்சலுங்க, அசந்துட்டேன்னு சொன்னேன். தொரை சரி போ புள்ளன்னுட்டாரு. நீங்க சொல்ற அந்தப் பெரட்டுல நாங்க யாருகிட்டங்க போயி நிக்கணும், கங்காணிகிட்டயா, தொரைகிட்டயா?"

அப்பா சிரித்துவிட்டார். ஜெபவீட்டில், பிரசங்கம் செய்கிற இடத்தில் நின்றுகொண்டு வாய்விட்டுச் சிரித்தார். நான் அவர் பெற்ற மகள். எத்தனை வசனம் மனப்பாடம் ஒப்பித்தும் அவரை ஒரு முறை புன்னகைக்க வைக்க என்னால் முடிந்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உங்கள் கையால் போட்ட தேத்தண்ணியில் சீனி போதவில்லை என்று சண்டை பிடித்தேன், ஞாபகம் இருக்கிறதா? சீனி சரியாகத்தான் இருந்தது.

பிறகு அந்த முதல் எழுப்புதல் கூட்டம். தோட்டத்து லொறியில் ஏறி எல்லோரும் பதுளைக்குப் போனோம். சாட்சி நேரம் வந்தது. யாருக்கு வேண்டுமானாலும் மைக்கைக் கொடுப்பார்கள். முன்பு எப்படிக் கெட்டுக் கிடந்தேன், கர்த்தர் எப்படித் தூக்கினார் என்று சொல்ல வேண்டும். நீங்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போனீர்கள்.

"நான் குடிப்பேங்க. ஆம்பளைக்குச் சமமாக் கசிப்புக் குடிப்பேன். எம் புருசனுக்கு ஆக்குன சோத்தக் கோவத்துல நாய்க்குக் கொட்டியிருக்கேன். எங்க மாமா நாயத்தீர்ப்பு நாயத்தீர்ப்புன்னு பயமுறுத்திப் பாத்தாரு. எனக்குப் பயம் வரலைங்க. ஒரு நாளு காலையில எம் புள்ள என் வாய மோந்து பாத்துட்டுத் தள்ளிப் போச்சு. வெக்கமாப் போயிருச்சு. அதோட விட்டேன்."

அவ்வளவுதான் நீங்கள் சொன்னது. கூட்டமே அழுதது. அப்பா எழுந்து, "பயத்துல வர்றது வேற, வெக்கத்துல வர்றது வேற. வெக்கத்துல வர்றதுதான் மனந்திரும்புதல். இத்தன வருசமா நான் சொல்லத் தெரியாமச் சொன்னத எம் மருமக சொல்லிட்டா" என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். நான் என் கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துபோய் இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஏக்கம், என்னிடம் சாட்சி இல்லையே என்று. குடிக்கவில்லை, திருடவில்லை, யாரோடும் ஓடவில்லை. பிள்ளைக் காம்பராவுக்கு வந்த பால்மாவில் ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டது ஒரு தரம். இதைப்போய் மைக்கில் சொன்னால் சிரிக்க மாட்டார்களா? கெட்டுப்போகக்கூடக் கொடுத்து வைக்கவில்லை என்று என்னை நானே நொந்துகொண்டேன். ஒவ்வொரு வருடமும் கூட்டத்தில் உங்களைப்போல ஒருவர் எழுந்து அழுவார், நான் பாயில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு அல்லேலூயா சொல்லுவேன்.

அதற்குள் அம்மாவுக்கு அந்த நோய் வந்தது. பேர் மறந்தது, ஆள் மறந்தது, கடைசியில் தன் உடம்பே மறந்தது. மூன்று வருடம். பகலெல்லாம் நான் பிள்ளைக் காம்பராவில். நீங்கள் மலையிலிருந்து ஓடி ஓடி வந்து குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றிவிட்டு மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையில் என் பொறுப்பு. இந்தக் கணக்கை நான் யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை. இருவரும் சேர்ந்து பார்த்தோம் என்றுதான் சொல்லுவேன்.

அம்மாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள் காலை, மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணியில் அவருடைய போர்வைகளைத் துவைத்துக்கொண்டிருந்தோம். நீங்கள் திடீரென்று கல்லில் உட்கார்ந்து என் ஈரக் காலைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"எஸ்தரு, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒங்கம்மாவ நான் ஒரு நாளு அடிச்சிட்டேன்."

நான் சோப்பைக் கீழே வைத்தேன்.

"கழுவிக்கிட்டு இருந்தேன். கையக் கடிச்சிட்டாங்க. வலி தாங்காமக் கன்னத்துல ஒண்ணு வச்சிட்டேன். அதுக்கு அவங்க அழக்கூட இல்ல புள்ள. என்னைய நிமிந்து பாத்து, நீ யாரு வீட்டுப் புள்ளன்னு கேட்டாங்க. எனக்குத் தூங்க முடியல. கர்த்தர்கிட்ட சொல்லிட்டேன். ஆனா ஒங்கிட்ட சொல்லாம அது தீராது. அவங்க ஒன்னயப் பெத்தவங்க."

சொல்லிவிட்டு நிறுத்தவில்லை நீங்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒனக்கும் எதாச்சும் சொல்லணும்னு இருந்தா சொல்லு, எஸ்தரு. நான் யாரு, வேத்தாளா?" என்றீர்கள்.

எனக்கு அது விளங்கியது. விளங்காத மாதிரி நின்றேன். பிறகு, பிரசங்கக் குரலை வரவழைத்துக்கொண்டு, "கர்த்தர் ஒங்கள மன்னிப்பாரு மதினி. நானும் மன்னிச்சிட்டேன்" என்றேன். நீங்கள் என் காலை விட்டுவிட்டுப் போர்வையை முறுக்கிப் பிழிந்தீர்கள். அதன்பிறகு அந்தப் பேச்சு இல்லை.

அந்த வருடக் கடைசி ஞாபகம் இருக்கும். இரண்டாயிரம் பிறந்தால் உலகம் முடிந்துவிடும் என்று தோட்டமெல்லாம் ஒரே பேச்சு. அப்பா பெரிய பெரட்டுக்குத் தேதியே குறித்துவிட்டதுபோல ஆயத்தமானார். எழுப்புதல் கூட்டத்துக்கு மூன்று லொறி ஆட்கள். மனந்திரும்ப வரிசையில் நின்றார்கள், மதினி. கோழி திருடினவர், சகோதரனோடு பேசாதவர், எல்லோரும். இதுதான் கடைசிக் கூட்டம் என்றால் நான் சாட்சி இல்லாமலா சாவது? அந்த எண்ணம் வந்ததும் என் கால் தானாக எழுந்து நடந்தது.

மைக்கைப் பிடித்து நான் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "சொகமில்லாத எங்க அம்மாவ ஒருத்தர் கை நீட்டி அடிச்சாங்க. அவங்க எங்க வீட்டுக்குள்ளதான் இருக்காங்க. அவங்க மேல எனக்குக் கோவம் இருந்திச்சு. கர்த்தர் எங்கூடப் பேசினாரு. நான் அவங்கள முழுசா மன்னிச்சிட்டேன்." பெயர் சொல்லவில்லை. அதுதான் என் பெருந்தன்மை. எங்கள் வீட்டுக்குள் பெண் என்று என்னைவிட்டால் நீங்களும் பதினைந்து வயது நிர்மலாவும்தான்.

அழுகை வந்தது. எனக்கும் வந்தது! தாரை தாரையாக. அப்பா மேடைக்கு வந்து என் தலையில் கை வைத்தார். "எம் மக" என்றார். என் வாழ்நாளெல்லாம் காத்திருந்த சொல். அந்தக் கைக்குக் கீழே நின்றுகொண்டு நான் உங்களைத் தேடினேன். நீங்கள் பெண்கள் பாயில் தலையைக் குனியாமல் உட்கார்ந்திருந்தீர்கள். அண்ணன் ஆண்கள் பக்கமிருந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நிர்மலா உங்கள் பக்கத்திலிருந்து எழுந்து வேறு பாய்க்குப் போனாள்.

சாட்சி சொல்கிறேன் என்று போய்க் கோள் சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் நடந்தது. உங்கள் பாவத்தை எடுத்து எனக்குச் சாட்சியாக்கிக்கொண்டேன்.

லொறியில் ஏறுகிற இடத்தில் நீங்கள் என் பின்னால் வந்தீர்கள். ஏசப்போகிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் வாய்க்கு இந்த மலையே பயப்படும். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒன் பாட்டுப் பொஸ்தகத்தப் பாயில விட்டுட்டு வந்துட்ட" என்று அதை என் கையில் கொடுத்தீர்கள். கொடுக்கும்போது அதன் அட்டையைத் தடவிவிட்டுக் கொடுத்தீர்கள். எனக்கு உயிர் போய் வந்தது.

இதுவரைக்கும் எழுதிவிட்டேன். இனி எழுத வேண்டியதை இரண்டு தரம் எழுதிக் கிழித்தாகிவிட்டது.

அம்மாவை நானும் அடித்தேன், மதினி. நீங்கள் அடிப்பதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே அடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜெபவீட்டுக்குப் போக வெள்ளைச் சேலையைத் தேய்த்து உடுத்தியிருந்தேன். அம்மா அசிங்கமான கையோடு வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். விடச் சொன்னேன், விடவில்லை. கையில் இருந்தது அந்தப் பாட்டுப் புத்தகம். அதாலேயே கன்னத்தில் இரண்டு முறை அடித்தேன். உங்களுக்குக் கடிபட்ட வலி இருந்தது. எனக்கு என்ன இருந்தது? சேலையில் கறை.

நிமிர்ந்தால் வாசலில் நீங்கள். கையில் கஞ்சிக் கோப்பை. அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்துக் கன்னத்தில் தேங்காயெண்ணெய் தடவினீர்கள். "நேரமாச்சு, வேற சேலையக் கட்டிக்கிட்டுப் போ" என்றீர்கள். நான் போனேன். அதே புத்தகத்தை விரித்து வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பாடினேன்.

என்னிடம் சாட்சி இல்லை என்று வருடக்கணக்காக ஏங்கினவள் கையில் இது இருந்தது. இருந்தும் எனக்கு இது பாவம் என்று தோன்றவேயில்லை, அல்லது தோன்ற விடவில்லை. பீலியில் நீங்கள் என் காலைப் பிடித்தது எனக்கு ஒரு கதவைத் திறந்துவிடத்தான். "நானும்தான் மதினி" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் இருவருமாக அழுது, துணி துவைத்து முடித்திருப்போம். மன்னிக்கிறவளாக நிற்பது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அண்ணன் ஆறு வருடம் உங்கள் கையால் ஒரு சொட்டுத் தண்ணி வாங்கிக் குடிக்கவில்லை. தேயிலை ஸ்டோரில் வேலை முடிந்து வந்து தானே தேத்தண்ணி போட்டுக்கொள்வார். சில நாள் அடுத்த அறையான என் காம்பராவுக்கு வந்து, "எஸ்தரு, ஒரு வா தேத்தண்ணி குடு" என்பார். நான் போட்டுக் கொடுத்தேன். இடைச்சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருப்பது தெரிந்தே கொடுத்தேன். நிர்மலா உங்கள் கையால் தலை சீவ விடாமல் என்னிடம் வந்தாள். சீவிவிட்டேன்.

ஏன் மதினி சொல்லவில்லை? ஒரு வார்த்தை போதுமே. "அவளும்தான் அடிச்சா, நான் கண்ணால பாத்தேன்" என்று அண்ணனிடம் சொல்லியிருந்தால் முடிந்தது. அவர் நம்ப மாட்டார் என்று நினைத்தீர்களா? அப்பாவின் மனசு உடையும் என்றா? அவர் போன பிறகாவது சொல்லியிருக்கலாமே. இல்லை, என்னை எனக்காகவே விட்டு வைத்தீர்களா, நானாக வரட்டும் என்று? எனக்கு உங்களைத் தெரியும். கடைசிக் காரணமாகத்தான் இருக்கும். அது தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? நன்றி இல்லை. மறுபடியும் அதே பொறாமை. இதிலும் என்னை முந்திவிட்டாளே என்று.

காய்ச்சலில் நான்கு நாள் கிடந்தீர்கள். சொல்லிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கட்டிலைச் சுற்றி ஆட்கள். உங்களோடு தனியாக இருந்தது ஐந்து நிமிடம். அதில் நான் போர்வையை இழுத்துவிட்டேன், தலையணையைத் தட்டினேன், ஜன்னலைச் சாத்தினேன். நீங்கள், "மொகத்தக் கழுவிக்கிட்டு எதாச்சும் சாப்புடு எஸ்தரு, கறுத்துப் போயிட்ட" என்றீர்கள். மறுநாள் முடிந்துவிட்டது. உங்கள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அண்ணன் மன்னிக்கவில்லை, மகள் மன்னிக்கவில்லை, அப்படியும் தூங்குகிற பிள்ளை மாதிரிக் கிடந்தீர்கள். எப்படி முடிந்தது? எனக்கு எல்லோரும் மரியாதை கொடுக்கிறார்கள், ஒரு நாள் அப்படித் தூங்கியதில்லை.

இப்போது எனக்கு வயது போகிறது. அந்தப் பெரிய பெரட்டைப் பற்றி அதிகம் நினைக்கிறேன். நியாயாசனத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிடுவார்கள். கேட்பார்கள். பார்த்த சாட்சி யார் என்று தேடுவார்கள். இருக்கிறது நீங்கள் ஒருவர்தான். உங்களை முன்னால் வரச் சொல்வார்கள். அங்கேயும் நீங்கள் வாயைத் திறக்க மாட்டீர்கள், மதினி. அதுதான் எனக்கு நரகத்தைவிடப் பயமாக இருக்கிறது. கர்த்தருக்கு முன்னாலும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் நீங்கள் நிற்க, நான் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்பா சொன்ன வெட்கம் இதுதானா? அவர் சொன்னது சரி என்றால் எனக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பிந்தித்தான் போயிற்று. கங்காணியிடம் போகாமல் நேராகத் தொரையிடம் போகலாமா என்று நீங்கள்தானே கேட்டீர்கள்?

ஆனால் பாருங்கள் என் புத்தியை. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து இதைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். செய்த கையோடு எப்படித் தொடங்கலாம், எந்த இடத்தில் நிறுத்தலாம், எங்கே அழுகை வரும் என்று மனசு ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டது. இதுவரை யாரும் சொல்லாத சாட்சி, உங்கள் சாட்சியையே தூக்கி அடித்துவிடும் என்றுகூட ஒரு எண்ணம் ஓடியது. தலையில் அடித்துக்கொண்டேன். நான் எங்கே மனந்திரும்புவது!

அதனால் சபை பிறகுதான். முதலில் அண்ணன். சனிக்கிழமை அரை நாள் வேலை, மத்தியானம் வீட்டில் இருப்பார். நிர்மலாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன். ஜெபம் பண்ணித் தொடங்க மாட்டேன். வசனம் சொல்ல மாட்டேன். "பாட்டுப் புத்தகத்தால நானும் அடிச்சேன். எனக்கு முந்தி யாரும் அடிக்கல. மதினி பாத்தாங்க, சொல்லல" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கு உங்களை யாருக்கு முன்னால் காட்டிக்கொடுத்தேனோ அந்த ஆட்களுக்கு முன்னால் இதே மூன்று வரியைச் சொல்லி உட்கார்ந்துவிடுவேன். யாராவது வந்து என் தலையில் கை வைத்தால் தட்டிவிடுவேன்.

அதற்குப் பிறகு அவர்கள் என்னை ஞானத்தாயாக நிற்க விடுவார்களா தெரியாது. விடாவிட்டால் கடைசிப் பாயில் உட்கார்ந்திருப்பேன். பிள்ளைக்கு எந்தப் பெயரை வைத்தாலும் சரி, என் பெயரை மட்டும் வைக்க விட மாட்டேன். பாக்கியம் என்று வைத்தால் அந்தப் பெயரை வாய் நிறையக் கூப்பிடுகிற முதல் ஆள் நானாக இருப்பேன். உள்ளே எரியத்தான் செய்யும். எரியட்டும்.

அண்ணன் இனி என் காம்பராப் படி ஏறாமல், என் கையால் தேத்தண்ணி வாங்காமல் போகலாம். போனால், அந்த ஆறு வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவரும். அதைத் தெரிந்துகொள்ளாமல் உங்கள் முகத்தில் விழிக்க எனக்கு மனசில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன், மதினி. உங்கள்மேல் பொறாமைப்படுவதை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல மாட்டேன், அது பொய்யாகிவிடும். சனிக்கிழமை மத்தியானத்தை மட்டும் தாண்டிப் போக விட மாட்டேன். அங்கே என்னைப் பற்றி யார் கேட்டாலும் இனி நீங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டாம். தாராளமாகச் சொல்லுங்கள். நானே சொல்லிவிட்டேன்.

உங்கள் காலைப் பிடிக்க வேண்டிய,
உங்கள் நாத்தனார்
எஸ்தர்
மேற்கணக்கு லயம், மடுல்சீமை